பழைய வீடியோவை டிவிடியில் ஏற்றும்போது படம் கெடாமல் காப்பது எப்படி?

பேராவில் பல ரப்பர் தோட்டங்கள் இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பத்து காஜா என்று பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவையும், லயத்து வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணத்தையும், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியையும் இன்று பார்க்க வேண்டுமென்றால், அலமாரியில் கிடக்கும் வீடியோ கேசட்டும் விசிடியும்தான் துணை.

இவற்றை டிவிடிக்கு மாற்றப் பல குடும்பங்கள் முயல்கின்றன. மாற்றி முடித்துப் பார்த்தால், "முன்னே இருந்த தெளிவு இல்லையே, பாட்டி முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே" என்ற குறைதான் மிஞ்சுகிறது. கேசட் பழசாகிவிட்டது என்று நினைத்துப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் உண்மைக் காரணம் வேறு. மாற்றத் தேவையே இல்லாத வீடியோவைக் கணினி மறுபடியும் சுருக்கியிருக்கும். இதை மறுகுறியாக்கம் என்கிறோம். கடைகளில் ரீ-என்கோடிங் என்பார்கள். இதை எங்கே தவிர்க்கலாம், எங்கே தவிர்க்க முடியாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மறுகுறியாக்கம் என்றால் என்ன?

வீடியோக் கோப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, சுருக்கி வைக்கப்பட்ட படமும் ஒலியும். மற்றொன்று, அவற்றைப் போட்டு வைத்திருக்கும் உறை. எம்பி4, ஏவிஐ, எம்பிஜி, விஓபி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் உறையின் பெயர்தான். சோற்றை ஒரு தூக்குச்சட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சோறு மாறாது. அதுபோல, உறையை மட்டும் மாற்றினால் படத்தில் ஒரு புள்ளிகூடக் கெடாது.

மறுகுறியாக்கம் அப்படியல்ல. கணினி வீடியோவை முழுதாக விரித்து, ஒவ்வொரு படத்தையும் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று தான் கருதும் நுணுக்கங்களை நீக்கிவிட்டு மறுபடியும் சுருக்குகிறது. நீக்கியது திரும்பி வராது. அடுத்த முறை சுருக்கும்போது, முதல் முறை உண்டான கட்டங்களையும் படத்தின் பகுதி என்றே எண்ணி, அவற்றைக் காப்பாற்றவும் இடத்தைச் செலவிடுகிறது. பிறப்புப் பத்திரத்தை நகலெடுத்து, அந்த நகலையே மறுபடி மறுபடி நகலெடுத்தால் எழுத்து மங்குவதுபோல்தான் இதுவும்.

முதலில் அடிபடுவது நுணுக்கமான இடங்கள். பட்டுப்புடவையின் சரிகை, கோலம், தீமிதிக் குழியின் தீப்பொறி, பின்னால் நிற்கும் ரப்பர் மரங்களின் இலை, கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர்களின் முகம் ஆகியவை சீக்கிரம் கரைந்துபோகும். தோட்டத்து வீடியோவில் நாம் தேடுவது பெரும்பாலும் அந்தப் பின்வரிசை முகங்களைத்தான்.

டிவிடி எதை ஏற்றுக்கொள்ளும்?

தொலைக்காட்சியில் ஓடும் டிவிடிக்கு என்று தனி விதிமுறை உண்டு. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகள் பால் முறையைப் பின்பற்றியவை. அதன்படி கீழ்க்காணும் அளவுகள் பொருந்த வேண்டும்.

படம்: எம்பெக்-2 வகை. அகலம் 720, உயரம் 576 படப்புள்ளிகள். நொடிக்கு 25 சட்டகங்கள். அகலம் 704 அல்லது 352 என்றாலும், உயரம் 576 ஆக இருந்தால் ஏற்கப்படும்.

பழைய வகை: எம்பெக்-1, அளவு 352க்கு 288. இதுவும் டிவிடி விதிமுறைக்குள் அடங்கும். பலருக்குத் தெரியாத விஷயம் இது.

பிட்ரேட்: எம்பெக்-2 படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் வரை. எம்பெக்-1 படத்துக்கு 1.856 மெகாபிட் வரை.

ஒலி: டால்பி ஏசி-3, எம்பி2 அல்லது சுருக்கப்படாத பிசிஎம். மாதிரி வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டும்.

உங்கள் கோப்பு ஏற்கெனவே இந்த அளவுகளில் இருந்தால், மறுகுறியாக்கம் தேவையில்லை. கோப்பை அப்படியே எடுத்து, தலைப்புப் பக்கமும் அத்தியாயங்களும் சேர்த்து, டிவிடி அமைப்பில் அடுக்கினால் போதும்.

முதல் வேலை: கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எந்த மாற்றமும் செய்வதற்கு முன், 'மீடியா இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். பட வகை, அகலம், உயரம், சட்டக வேகம், ஒலி வகை, ஒலியின் மாதிரி வேகம் ஆகியவை வரிசையாகத் தெரியும். மேலே உள்ள அளவுகளோடு ஒப்பிடுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒப்பிட்ட பிறகு மூன்று முடிவுகளில் ஒன்று கிடைக்கும். படமும் ஒலியும் பொருந்தினால் இரண்டையும் தொட வேண்டாம். படம் பொருந்தி ஒலி மட்டும் பொருந்தாவிட்டால் ஒலியை மட்டும் மாற்றுங்கள். படமே பொருந்தாவிட்டால் ஒரே ஒரு முறை, மூலத்திலிருந்து நேராக மாற்றுங்கள்.

விசிடி: அதிகம் வீணாவது இங்கேதான்

1993ல் வகுக்கப்பட்ட விசிடி முறை நம் நாட்டில் மிகப் பரவலாக இருந்தது. கல்யாணம், காதணி விழா, ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசம் என்று எத்தனையோ நிகழ்ச்சிகள் விசிடியில்தான் இருக்கின்றன.

பால் முறை விசிடியில் இருப்பது எம்பெக்-1 படம். அளவு 352க்கு 288. பிட்ரேட் நொடிக்கு 1,150 கிலோபிட். ஒலி எம்பி2, 224 கிலோபிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இதை டிவிடி விதிமுறையோடு வைத்துப் பாருங்கள். படம் அப்படியே பொருந்துகிறது. பொருந்தாதது ஒலியின் மாதிரி வேகம் மட்டும்தான். ஆகவே ஒலியை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, படத்தைத் தொடாமல் சேர்த்தால் டிவிடி தயார்.

ஆனால் பல மென்பொருள்கள் விசிடியைக் கண்டவுடன் 720க்கு 576 என்று பெரிதாக்கி, எம்பெக்-2 ஆக மாற்றிவிடுகின்றன. அளவு பெரிதாவதால் தெளிவு கூடாது. இல்லாத நுணுக்கத்தைக் கணினியால் கொண்டுவர முடியாது. படமும் கெடும், கோப்பும் நான்கைந்து மடங்கு பெருக்கும். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வேலையை டிவிடி பிளேயரும் தொலைக்காட்சியும் தாமே செய்துகொள்ளும்.

கணக்கும் நமக்குச் சாதகம். விசிடி அளவில் ஒரு மணி நேர வீடியோ சுமார் 620 மெகாபைட்தான். 4.7 ஜிகாபைட் டிவிடி ஒன்றில் ஏறக்குறைய 7 மணி நேரத்தை வைக்கலாம். ஒரே கல்யாணத்தின் மூன்று நான்கு விசிடிகளும் தரம் குறையாமல் ஒரே வட்டில் அடங்கும்.

விசிடியில் படம் 'எம்பெக் ஏவி' என்ற கோப்புறைக்குள் 'டேட்' என்று முடியும் கோப்பாக இருக்கும். இதுவும் ஓர் உறைதான். 'விசிடிகியர்' போன்ற இலவச மென்பொருள் அந்த உறையை நீக்கி, உள்ளே இருக்கும் எம்பெக் கோப்பைத் தனியே தரும். ஒன்றைக் கவனியுங்கள்: விசிடிப் படத்தையும் 720க்கு 576 அளவுப் படத்தையும் ஒரே வட்டில் வைக்க விரும்பினால், இரண்டையும் தனித்தனி 'டைட்டில்செட்' ஆகப் பிரிக்க வேண்டும். ஒரே தொகுப்புக்குள் இரண்டு அளவுகளைக் கலக்க விதிமுறை இடம் தராது.

எஸ்விசிடி என்பது வேறு. அதன் அகலம் 480 என்பதால் டிவிடி விதிமுறைக்குப் பொருந்தாது. அதற்கு ஒரு முறை மறுகுறியாக்கம் வேண்டும்.

டிவிடியிலிருந்து டிவிடிக்கு

கடைக்காரர் கொடுத்த கல்யாண டிவிடியை அண்ணன் தம்பிகளுக்குப் பிரதி எடுத்துத் தர வேண்டும் என்றால், எந்த மாற்றமும் வேண்டாம். வட்டு முழுவதையும் 'ஐஎஸ்ஓ' பிம்பமாக எடுத்து, அதையே புது வட்டில் எழுதுங்கள். 'இம்க்பர்ன்' போன்ற இலவச மென்பொருள் போதும். எத்தனை பிரதி எடுத்தாலும் முதல் பிரதியும் நூறாவது பிரதியும் ஒன்றாகவே இருக்கும்.

மூல வட்டு 8.5 ஜிகாபைட் கொண்ட இரட்டை அடுக்கு வட்டாக இருந்தால், 4.7 ஜிகாபைட் வட்டில் அடக்கச் சில மென்பொருள்கள் படத்தைச் சுருக்கும். அதைத் தவிர்த்து, இன்னோர் இரட்டை அடுக்கு வட்டு வாங்குங்கள். அல்லது இரண்டு வட்டுகளாகப் பிரியுங்கள்.

சிறு டிவிடியில் நேரடியாகப் பதிவு செய்யும் கேமராக்களும், உள்வட்டில் எம்பெக்-2 ஆகப் பதிவு செய்த கேமராக்களும் ஒரு காலத்தில் புழக்கத்தில் இருந்தன. ஜேவிசி எவரியோ கேமராவின் 'எம்ஓடி' கோப்பும், சோனி ஹேண்டிகேமின் உள்வட்டு வகைகள் தரும் 'எம்பிஜி' கோப்பும் சாதாரணத் தெளிவில் எம்பெக்-2 தான். டிவிடிக்கு அவற்றை மறுகுறியாக்கம் செய்யத் தேவையில்லை. சிறு வட்டுகளைப் பொறுத்தவரை, பதிவை முடித்து 'ஃபைனலைஸ்' செய்யாத வட்டைக் கணினி சாதாரணமாகப் படிக்காது. அந்தக் கேமரா இன்னும் ஓடுகிறது என்றால், அது பழுதாவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

வீடியோ கேசட்: ஒரே முறை, நன்றாக

விஎச்எஸ் கேசட்டில் இருப்பது அனலாக் படம். அதை எப்படியும் ஒரு முறை குறியாக்கம் செய்தே ஆக வேண்டும். அந்த ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வதுதான் நம் வேலை.

வெட்டாமல் ஒட்டாமல் டிவிடியில் மட்டும் வைக்கப் போகிறீர்கள் என்றால், பதிவு செய்யும்போதே எம்பெக்-2, 720க்கு 576, நொடிக்கு சுமார் 8 மெகாபிட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இப்படிப் பதிவான கோப்பு அப்படியே டிவிடிக்குப் போகும். ஒரு மணி நேரம் சுமார் 3.6 ஜிகாபைட் எடுக்கும்.

தலைப்பு எழுத்து, பின்னணி இசை, நிறத் திருத்தம் என்று நிறைய வேலை இருந்தால், முதலில் சுருக்கம் குறைந்த வடிவத்தில் பதிவு செய்து, எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியில் ஒரே முறை எம்பெக்-2 ஆக்குங்கள். மினி டிவி நாடாவும் இந்த வகைதான். அது நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் எடுக்கும் நல்ல மூலம். டிவிடி ஆனபின் அந்த மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

வீடியோ கேசட் பிளேயர் கிடைப்பதும் கடினமாகி வருகிறது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ல் அதன் தயாரிப்பை நிறுத்தியது. நம் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சையும் படியும். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவும் பிளேயரும் சேர்ந்து கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

கைத்தொலைபேசி வீடியோ

கைத்தொலைபேசி எடுக்கும் எச்.264 வகைப் படத்தை டிவிடி விதிமுறை ஏற்காது. இங்கே ஒரு முறை மறுகுறியாக்கம் கட்டாயம். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை எடுத்து மாற்றாதீர்கள். வாட்ஸ்அப் அனுப்பும்போதே வீடியோவைக் கடுமையாகச் சுருக்கிவிடும். எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பைக் கேபிள் வழியாகவோ பென்டிரைவிலோ வாங்குங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால், வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது சுருக்கம் நடக்காது.

ஒரு வட்டில் எவ்வளவு நேரத்தை ஏற்றுவது என்பதும் முக்கியம். இரண்டு மணி நேரத்துக்கு நொடிக்கு 4.8 மெகாபிட் படமும் 192 கிலோபிட் ஒலியும் வைத்தால், ஏறக்குறைய 4.5 ஜிகாபைட் வரும். ஒரு வட்டில் அடங்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் படம் நொடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்கும் கீழே இறங்க வேண்டியிருக்கும். அதைவிட இரண்டு வட்டுகள் மேல்.

வெட்டுவதற்கும் மறுகுறியாக்கம் வேண்டாம்

தொடக்கத்தில் உள்ள வெறும் திரையை நீக்கவும், நீண்ட வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரிக்கவும் மறுகுறியாக்கம் தேவையில்லை. 'அவிடெமக்ஸ்' என்ற இலவச மென்பொருளில் படம், ஒலி இரண்டுக்கும் 'காப்பி' என்று தேர்ந்தெடுத்து வெட்டினால் போதும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எம்பெக் படத்தில் எல்லாச் சட்டகங்களும் முழுப் படங்கள் அல்ல. ஒரு முழுப் படம் வரும். அதன்பின் வருபவை முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். வெட்டும்போது முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் தொடங்க முடியும். பால் டிவிடியில் அதிகபட்சம் 15 சட்டகங்களுக்கு ஒரு முறை, அதாவது 0.6 நொடிக்குள், முழுப் படம் வந்துவிடும். அரை நொடி முன்னே பின்னே வெட்டுவதால் தாலி கட்டும் காட்சி போய்விடாது. துல்லியமாக வெட்ட வேண்டும் என்றால், வெட்டும் இடத்தை மட்டும் மறுகுறியாக்கம் செய்யும் 'ஸ்மார்ட் ரெண்டரிங்' வசதியுள்ள மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

மென்பொருளில் எதைக் கவனிப்பது?

'டிவிடி ஸ்டைலர்' இலவசமாகக் கிடைக்கும் டிவிடி தயாரிப்பு மென்பொருள். புதுத் திட்டம் தொடங்கும்போதே பால் என்று தேர்ந்தெடுங்கள். என்டிஎஸ்சி என்று விட்டுவிட்டால், நல்ல பால் கோப்பையும் அது 720க்கு 480 ஆக மாற்றிவிடும். கோப்பைச் சேர்த்தபின் அதன் பண்புகளில் பட வடிவம் 'காப்பி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். விசிடி மூலம் என்றால் படத்துக்குக் 'காப்பி', ஒலிக்கு ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ்.

'ஹேண்ட்பிரேக்' பலர் பயன்படுத்தும் நல்ல மென்பொருள். ஆனால் அது படத்தை எப்போதும் மறுகுறியாக்கம் செய்யும். அப்படியே நகலெடுக்கும் வசதி அதில் இல்லை. டிவிடி வேலைக்கு அது ஏற்றதல்ல.

அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருக்கும் உறவினர் கொடுத்த வீடியோ என்டிஎஸ்சி முறையில் இருக்கலாம். அதைப் பாலுக்கு மாற்ற முயல வேண்டாம். இங்குள்ள பெரும்பாலான பிளேயர்களும் தொலைக்காட்சிகளும் இரண்டையும் ஓட்டும். அதைத் தனி வட்டாக என்டிஎஸ்சி முறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுகுறியாக்கம் நடந்துவிட்டதா என்று அறிய இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒரு மணி நேர வீடியோவை அப்படியே நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். வெகுநேரம் ஓடினால் சந்தேகப்படுங்கள். முடிந்தபின் கோப்பின் அளவு முன்பிருந்ததற்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பெரிதும் கூடினாலோ குறைந்தாலோ படம் மாறியிருக்கிறது. புது முறையை முயலும்போது, அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டில் எழுதி, வீட்டுப் பிளேயரில் ஓட்டிப் பாருங்கள்.

கடையில் கொடுப்பவர்களுக்கு

எல்லோராலும் கணினியில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. கடையில் கொடுக்கும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

1. விசிடி அல்லது டிவிடி மூலம் என்றால், படத்தை மறுகுறியாக்கம் செய்யாமல் மாற்ற முடியுமா?

2. கேசட் என்றால், ஒரு வட்டில் எத்தனை மணி நேரம் ஏற்றப்படும்? இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. டிவிடியோடு, கேசட்டிலிருந்து முதலில் பதிவான கோப்பையும் பென்டிரைவில் தருவார்களா?

4. மூலக் கேசட்டும் விசிடியும் திரும்பக் கிடைக்குமா? கண்டிப்பாகத் திரும்ப வாங்குங்கள். பின்னாளில் இதைவிட நல்ல முறையில் பதிவு செய்ய அது வேண்டும்.

டிவிடி முடிவல்ல

வீட்டில் எழுதும் டிவிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். தகரக் கூரையின் கீழ், சன்னல் ஓரம் வைக்காமல் நிழலான இடத்தில் நிறுத்தி வையுங்கள். அதோடு கோப்புகளை இரண்டு வெளி வன்வட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு குடும்பத்தினர் வீட்டில் வையுங்கள்.

இன்றைய தொலைக்காட்சிகளில் பலவற்றில் பென்டிரைவைச் செருகியே பார்க்கலாம். எம்பிஜி, எம்பி4 கோப்புகள் அநேகமாக அப்படியே ஓடும். டிவிடி பிளேயரை மட்டுமே இயக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு டிவிடி போட்டுக் கொடுங்கள். மற்றவர்களுக்கு மூலக் கோப்பையே கொடுங்கள். மூலத்தைப் பத்திரமாக வைத்திருந்தால், நாளை டிவிடியும் போய் வேறொன்று வந்தாலும், இன்னொரு நகலின் நகலிலிருந்து தொடங்க வேண்டி வராது.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு, நிகழ்ச்சி நான்கையும் சேர்த்து எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து ஒரு முறை ஓட்டிப் பார்த்து, பெயர்களைத் தாளில் குறித்து வையுங்கள். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதில் நிற்பவர் யார் என்பதைக் கணினி சொல்லாது.